கல்மண்டபத்தில் ஒரு ஸ்பானிஷ் பாடம்

"இந்த வயசில் உங்களுக்கு ஸ்பானிஷ் பாஷை எதற்கு?" என்று என் சகதர்மிணி கேட்டாள்.

கேள்வி நியாயமானதுதான். துறைமுகத்தில் எத்தனையோ வருஷம் கணக்கு எழுதிவிட்டு ஓய்வு பெற்ற மனுஷன், காலை வேளையில் கல்மண்டபத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "கோமோ தே யாமாஸ், கோமோ தே யாமாஸ்" என்று முணுமுணுத்துக் கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்காரர்கள்கூட ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஏதோ ஜபம் என்று நினைத்திருக்கக் கூடும்.

காரணம் என் பேத்தி. ஆறு வயது வரையில் இந்தத் தெருவிலேயே ஓடியாடித் திரிந்த குழந்தை. சென்ற வருஷம் தாய் தகப்பனாருடன் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்துப் பட்டணம் ஒன்றுக்குப் போய்விட்டாள். இங்கே காலை ஆறரை மணி என்றால் கோடை காலத்தில் அங்கே முந்தின நாள் இரவு எட்டு மணி. தூங்கப் போகுமுன் கைபேசித் திரையில் தாத்தாவையும் பாட்டியையும் பார்த்து நாலு வார்த்தை பேசுவது அவள் வழக்கம்.

ஒரு நாள் அவள் பேசவில்லை. தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக் கொண்டிருந்தாள். மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னார். அவ்வூர் லைப்ரரியில் சனிக்கிழமைதோறும் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை வாசிக்கிறார்களாம். ஒரு பக்கம் இங்கிலீஷில், மறு பக்கம் ஸ்பானிஷில். மற்றக் குழந்தைகள் இரண்டு பாஷையிலும் சிரித்துப் பதில் சொல்ல, இவள் மட்டும் தாயின் புடவை மறைவில் ஒண்டிக்கொண்டு விட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஒரே பிடிவாதம்: "இனிமேல் லைப்ரரிக்கு வரமாட்டேன்."

வெகு நேரம் கெஞ்சிய பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "தாத்தா, அங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எனக்குத்தான் ஒன்றும் தெரியாது."

கல்மண்டபத்தில் இருந்தபோது வாய் மூடாமல் பேசிய குழந்தை அவள். பூக்காரியோடு சண்டை போடுவாள். தயிர்க்காரரிடம் கதை கேட்பாள். அந்தக் குழந்தை ஊமைபோல் உட்கார்ந்திருந்தது என்று கேட்டதும் எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. புஸ்தகங்கள் நிறைந்த ஓர் அறையைக் கண்டு ஒரு குழந்தை பயப்படும்படி விட்டு விட்டால், அந்தப் பயம் ஆயுசு முழுவதும் அதை விட்டுப் போகாமலே இருந்துவிடலாம் அல்லவா? ஆகவே மறு நாள் பாரிமுனைப் பக்கத்தில் ஒரு பழைய புஸ்தகக் கடையில் ஸ்பானிஷ் பாலபாடம் ஒன்றைத் தேடி வாங்கி வந்தேன். நாலு வாரம், தினம் ஐந்து வார்த்தை, தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து படிப்பது என்று ஒப்பந்தம் செய்து கொண்டோம்.

ஸ்பானிஷ் ஏன்?

அமெரிக்காவுக்குப் போனால் இங்கிலீஷ்தானே வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். டெக்ஸாஸ் பிரதேசம் முதலில் ஸ்பெயின் தேசத்தாரின் ஆட்சியிலும், பிறகு மெக்ஸிகோவின் ஆட்சியிலும் இருந்து, 1836-ஆம் வருஷத்தில் பிரிந்து வந்த பூமி. ஊர்ப் பெயர்களும் ஆற்றுப் பெயர்களும் பாதி ஸ்பானிஷ். இன்றைக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நாலு கோடிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் வீடுகளில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். உலகத்திலோ இருபது தேசங்களில் அது அரசாங்க பாஷை.

அந்த ஜனங்களின் குழந்தைகளும் ஒரு காலத்தில் என் பேத்தியைப் போல் லைப்ரரியின் மூலையில் ஒண்டி நின்றவர்கள்தாம். போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்த பூரா பெல்ப்ரே என்னும் பெண்மணி 1921-ஆம் வருஷத்தில் நியூயார்க் பொது நூல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நாடோடிக் கதைகள் வரிசையில் தேடிப் பார்த்தபோது, தமது தீவின் கதை ஒன்றுகூட இல்லை என்று கண்டார். குழந்தைப் பருவத்தில் தாம் வீட்டில் கேட்ட கதைகளை அவரே சொல்லத் தொடங்கினார். 1929-ல் ஸ்பானிஷ் ஜனங்கள் குடியேறியிருந்த பேட்டைக் கிளைக்கு மாற்றப்பட்டதும், இங்கிலீஷிலும் ஸ்பானிஷிலும் சேர்த்துக் கதை சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்தினார். ஒரு கரப்பான் பூச்சியும் எலியும் கல்யாணம் செய்துகொண்ட கதையை அவர் 1932-ல் புஸ்தகமாக வெளியிட்டார். லைப்ரரி வாசலுக்குள் நுழையத் தயங்கிய தாய்மார்கள் தங்கள் பாஷையைக் கேட்டதும் குழந்தைகளோடு உள்ளே வரலானார்கள்.

பின்னர் 1996-ல் பாட் மோரா என்னும் எழுத்தாளர், குழந்தைகளையும் புஸ்தகங்களையும் சேர்த்துக் கொண்டாட ஒரு நாள் வேண்டும் என்று முயன்று, ஏப்ரல் 30-ஆம் தேதியை அதற்கு ஏற்படுத்தச் செய்தார். மெக்ஸிகோவில் அது குழந்தைகள் தினம். என் பேத்தி பயந்து ஓடி வந்த அந்தச் சனிக்கிழமைக் கதை நேரம் இப்படிப்பட்ட நல்லவர்களின் உழைப்பினால் உண்டானது. அயலாரை வெளியே நிறுத்துவதற்காக அது ஏற்பட்டதல்ல. வெளியே நின்றவர்களை உள்ளே அழைப்பதற்காக ஏற்பட்டது. ஒரு பாஷையின் கதவைத் திறந்தபோது இன்னொரு குழந்தைக்கு அது மூடிய கதவாகத் தோன்றியதுதான் வேடிக்கை.

நம் வீட்டு அலமாரியில்

முதல் பாடம், லைப்ரரியில் கண்ணால் காணும் சாமான்களின் பெயர்கள். பாலபாடத்தைத் திறந்தேன். மேஜைக்கு ஸ்பானிஷில் "மேஸா" என்று போட்டிருந்தது. அச்சுப் பிழையோ என்று கண்ணைத் துடைத்துக் கொண்டேன். அலமாரிக்கு "ஆர்மாரியோ". துவாலைக்குத் "தோவாயா". சட்டைப் பொத்தானுக்குப் "போத்தோன்". பப்பாளிப் பழத்துக்குப் "பப்பாயா".

இதில் மாயம் ஒன்றுமில்லை. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் நம் கடற்கரையில் இறங்கினார்கள். சாந்தோமில் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த சாமான்களோடு சாமான்களின் பெயர்களும் வந்து நம் வீட்டுக்குள் உட்கார்ந்து கொண்டன. ஜன்னல், சாவி, மேஜை, அலமாரி, பேனா, மேஸ்திரி, பாதிரி, ஏலம் எல்லாம் இப்படி வந்த சொற்கள். போர்ச்சுகீசும் ஸ்பானிஷும் லத்தீன் என்னும் ஒரே தாயின் பெண்கள். ஆகவே தங்கையின் வார்த்தைகளை நானூறு வருஷமாக வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு அக்காளின் வார்த்தைகள் முற்றிலும் புதியவை அல்ல.

"மேஜை, அலமாரி எல்லாம் உனக்குத் தெரியுமே! அப்படியென்றால் உனக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ் முன்னமே தெரியும்" என்று பேத்தியிடம் சொன்னேன். குழந்தை தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கிற்று.

எல்லாச் சொல்லையும் இப்படி நம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறேன். ஜன்னலுக்கு ஸ்பானிஷில் "வேந்தானா". நம்முடைய பேனாவை அங்கே கேட்டால் காரியம் கெட்டுவிடும். ஸ்பானிஷில் "பேனா" என்றால் துக்கம்! லைப்ரரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "லிப்ரெரீயா" என்றால் புஸ்தகம் விற்கும் கடை. நாம் போக வேண்டிய இடத்துக்குப் "பிப்லியோதேகா" என்று பெயர்.

எங்கள் பேட்டையின் பெயரைக்கூட விட்டோமில்லை. இராயப்பர் என்று தமிழில் வழங்கும் பேதுருவின் பெயரால் இராயபுரம் ஏற்பட்டது என்பார்கள். ஸ்பானிஷில் அவர் "பேத்ரோ". அந்தப் பெயர் கல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பானிஷில் கல்லுக்குப் "பியேத்ரா". "அப்படியானால் கல்மண்டபமும் இராயபுரமும் ஒரே பேர்தானே, தாத்தா!" என்றாள் பேத்தி. அவ்வளவு தூரம் நான் யோசிக்கவில்லை.

தமிழ் நாக்குக்கு ஒரு சலுகை

இரண்டாவது வாரம் உச்சரிப்பு. இங்கிலீஷில் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. ஸ்பானிஷில் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. அ, எ, இ, ஒ, உ என்று ஐந்தே உயிர் ஓசைகள். எங்கே எழுதினாலும் அதே ஒலி. "ஓலா" என்னும் சொல்லின் முன்னால் நிற்பது போன்ற ஓர் ஊமை எழுத்தும், இன்னும் சில விதிகளும் தெரிந்துவிட்டால், எழுத்துக் கூட்டி எதையும் வாசித்துவிடலாம்.

அதைவிட ஆச்சரியம், நம் நாக்குக்கு அந்தப் பாஷை செய்திருக்கும் சலுகை. இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்கு நம்முடைய "த" சுலபத்தில் வராது. ஸ்பானிஷ்காரர்களுக்கு அது பல்லில் பட்டு நம்மைப் போலவே வருகிறது. நமக்கு "ஞ" இருக்கிறது, அவர்களுக்கும் இருக்கிறது. குழந்தைக்கு "நீஞோ", பெண் குழந்தைக்கு "நீஞா". தலையில் ஒரு சுழி போட்ட எழுத்தால் அதை எழுதுகிறார்கள். நமக்கு "ர", "ற" என்று இரண்டு. அவர்களுக்கும் மெல்லிய ரகரம் ஒன்று, அழுத்தி உருட்டும் ரகரம் ஒன்று. "பேரோ" என்று மெல்லச் சொன்னால் "ஆனால்" என்று அர்த்தம். அதையே உருட்டிச் சொன்னால் நாய்! என் பேத்தி இதை ஒரு விளையாட்டாக்கிவிட்டாள். நாள் முழுவதும் நாயை உருட்டிக் கொண்டிருந்தாளாம்.

இலக்கணத்திலும் சில உறவுகள் உண்டு. "கியேரோ" என்றால் "விரும்புகிறேன்". வினைச்சொல்லின் கடைசியிலேயே "நான்" அடங்கியிருப்பதால் தனியாக "நான்" சொல்ல வேண்டிய அவசியமில்லை. நம் தமிழும் அப்படித்தானே? இன்னொன்று: சிறியவர்களையும் நண்பர்களையும் "தூ" என்றும், பெரியவர்களையும் அயலாரையும் "உஸ்தேத்" என்றும் அழைக்கிறார்கள். நீ, நீங்கள் என்னும் வித்தியாசம்! இங்கிலீஷில் எல்லோருக்கும் ஒரே சொல். பெரியவரை நீ என்று சொல்லக்கூடாது என்று இந்தத் தெருவில் கற்றுக்கொண்ட மரியாதை அந்த ஊரில் உபயோகப்படும் என்று அறிந்ததும் என் மனைவிக்கு முதன்முதலாக ஸ்பானிஷ் பாஷையின் மேல் ஒரு மதிப்பு உண்டாயிற்று.

கஷ்டமும் இல்லாமலில்லை. உயிரற்ற பொருள்களுக்கெல்லாம் ஆண் பெண் என்று பால் வகுத்திருக்கிறார்கள். புஸ்தகமாகிய "லீப்ரோ" ஆண். மேஜை பெண். சூரியன் ஆண், சந்திரன் பெண்.

"நிலா பெண்ணா, தாத்தா?" என்று கேட்டாள்.

"சந்திரன் என்றால் நமக்கு ஆண். ஆனால் நிலா என்று பெண் குழந்தைக்குத்தானே பேர் வைக்கிறோம்?" என்றேன்.

"அப்படியானால் அவர்கள் சொல்வதும் சரிதான்" என்று தீர்ப்புக் கூறிவிட்டாள். பெரியவர்களாகிய நமக்கு இது இத்தனை சுலபமாகப் பிடிபடாது. மேஜை ஏன் பெண் என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். குழந்தை யோசிக்கவே இல்லை.

பத்து வாக்கியங்கள்

லைப்ரரிக்குப் போகும் குழந்தைக்கு ஒரு பாஷை முழுவதும் தேவையில்லை. எங்களுக்குப் பயன்பட்ட வாக்கியங்களை, எங்களைப் போன்ற பாட்டி தாத்தாமாருக்காக இங்கே கொடுக்கிறேன்.

பார்த்தவுடன் "ஓலா" என்று சொல்ல வேண்டும். காலை வணக்கத்துக்குப் "புவேனோஸ் தீயாஸ்". "மே யாமோ" என்று சொல்லித் தன் பெயரைச் சேர்த்தால் "என் பெயர் இன்னது" என்று ஆகும். "கோமோ தே யாமாஸ்?" என்றால் "உன் பெயர் என்ன?" புஸ்தகம் வேண்டுமென்றால் "கியேரோ உன் லீப்ரோ". கதைகள் எங்கே இருக்கின்றன என்று கேட்கத் "தோந்தே எஸ்தான் லோஸ் குவேந்தோஸ்?" கையில் இருப்பதைக் காட்டி "கே எஸ் எஸ்தோ?" என்றால் "இது என்ன?" தயவு செய்து என்பதற்குப் "போர் ஃபவோர்". நன்றிக்குக் "கிராசியாஸ்". போய் வருகிறேன் என்பதற்கு "அஸ்தா லுவேகோ".

இந்தப் பத்தைத் தவிரப் பதினொன்றாவதாக ஒன்றை நான் மிகவும் வற்புறுத்தினேன்: "நோ எந்தியேந்தோ. மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்." எனக்குப் புரியவில்லை, தயவு செய்து மெதுவாக.

"புரியவில்லை என்று சொன்னால் சிரிப்பார்களே!" என்றாள் பேத்தி.

"துறைமுகத்தில் எத்தனையோ தேசத்துக் கப்பல்காரர்கள் வருவார்கள். புரியாததைப் புரிந்தது என்று சொன்னவன்தான் தப்புக் கணக்கு எழுதினான். மெதுவாகச் சொல்லு என்று கேட்டவன் கணக்கு சரியாக இருந்தது" என்றேன்.

இதனிடையே என் மனைவியின் மனத்தில் ஒரு கவலை இருந்தது. "ஏற்கெனவே இங்கிலீஷ். அதன் மேல் ஸ்பானிஷ். கடைசியில் குழந்தைக்குத் தமிழ் மறந்து போகும்" என்றாள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்நிய பாஷையின் மோகத்தால் சொந்தப் பாஷையை அலட்சியம் செய்த பாவத்தை நம் தேசம் வெகு காலம் செய்து வந்திருக்கிறது. ஆகையால் ஒரு நிபந்தனை போட்டோம். ஸ்பானிஷ் வார்த்தை ஒன்று கற்றால், பாட்டியிடம் தமிழ் வார்த்தை ஒன்றும் கற்க வேண்டும். பாடம் நடப்பதோ தமிழில். மேஸா, மேஜை; நீஞா, ஞாயிறு; தூ, நீ என்று ஒவ்வொன்றையும் தமிழோடு வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்ததால், முன்பெல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடியும் பேச்சு அரை மணி நேரம் நீண்டது. ஸ்பானிஷ் படித்த அந்த மாதத்தில்தான் என் பேத்தி அதிகமாகத் தமிழ் பேசினாள்.

மணியடித்துக் குழந்தைகளைக் கூப்பிட்டவர்

எங்கள் முயற்சியை விநோதமாக நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சரித்திரத்தை நினைவூட்ட விரும்புகிறேன். 1506-ல் ஸ்பெயினின் நவார் பிரதேசத்தில் பிறந்த பிரான்சிஸ் சேவியர், 1542-ல் கோவாவுக்கு வந்து, அந்த வருஷமே நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருடைய தாய்மொழி பாஸ்க். கரையிலிருந்த பரதவ மக்களுக்கோ தமிழ். அவர்களோடு பேசமுடியாமல் அவர் திண்டாடினார். போர்ச்சுகீசும் தமிழும் அறிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டி வைத்துத் தம் ஜபங்களைத் தமிழாக்கச் செய்து, நெட்டுருப் போட்டார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருவில் அடித்தபடியே போய்க் குழந்தைகளைக் கூட்டினார். குழந்தைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 1544-ஆம் வருஷம் ஐரோப்பாவுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இந்த விவரங்களெல்லாம் இருக்கின்றன.

மத விஷயத்தை ஒருபுறம் வைத்துவிட்டு யோசித்தால், வயது வந்த ஓர் அந்நியர் குழந்தைகளின் முன்னால் தட்டுத் தடுமாறித் தமிழ் பேசிய காட்சி மனத்தை விட்டு அகலாது. 1556-ல் கோவாவில் வந்திறங்கிய இந்தியாவின் முதல் அச்சு யந்திரத்தோடு வந்தவரும் ஹுவான் தே புஸ்தமாந்தே என்னும் ஸ்பானியரே. தமிழ் எழுத்துக்களை முதன்முதலில் அச்சுக்கு வார்த்தவர் என்று கொண்டாடப்படும் கோன்சால்வெஸ் என்பவரும் ஸ்பெயின் தேசத்தவர். 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சாயிற்று. இந்தியப் பாஷை ஒன்றின் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புஸ்தகம் அது. தமிழ்ப் புஸ்தகத்துக்கும் ஸ்பானிஷ்காரருக்கும் உறவு இன்று ஏற்பட்டதல்ல.

எங்கள் சென்னைப் பட்டணத்துக்கும் அப்படியே. ஸ்பானியர் ஆண்ட மணிலாவுக்குச் சென்னையிலிருந்து துணி போயிற்று. மெக்ஸிகோவில் தோண்டிய வெள்ளி மணிலா வழியாக இங்கே வந்தது. 1762-ல் சென்னையிலிருந்து இங்கிலீஷ் கம்பெனியார் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு போய் மணிலாவைப் பிடித்தபோது, உடன் சென்ற நம் சிப்பாய்களில் சிலர் ஊர் திரும்பவேயில்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் காயின்தா என்னும் ஊரில் அவர்களுடைய சந்ததியார் இருக்கிறார்கள். வேலை தேடிக் கடல் கடந்தவனுக்கு வேற்றுப் பாஷையின் நடுவில் குழந்தை வளர்க்கும் கவலை அன்றே ஏற்பட்டுவிட்டது.

பெற்றுக்கொண்டது மாத்திரமல்ல, கொடுத்ததும் உண்டு. மெல்லிய பருத்தித் துணி ஒரு வகைக்கு ஸ்பானிஷ் அகராதியில் "மத்ராஸ்" என்றே பெயர். மாம்பழத்துக்கு "மாங்கோ", நம் மாங்காயிலிருந்து போனது. காசிமேட்டில் நம் மீனவர்கள் ஏறிச் சென்ற கட்டுமரம் அங்கே "கத்தமரான்". இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் பேத்தி துள்ளிக் குதித்தாள். கடலோரம் கைப்பிடித்து அழைத்துப் போய் நான் காட்டியது அல்லவா?

சனிக்கிழமை

நாலாவது சனிக்கிழமை வந்தது. அங்கே காலை பத்தரை, இங்கே இரவு ஒன்பது. சாப்பாடு இறங்கவில்லை. பரீட்சைக்குப் பையனை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தகப்பனைப்போல் இருவரும் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். இரவு பதினொன்றரைக்குப் பெண் பேசினாள்.

பிரமாதமாக ஒன்றும் நடந்துவிடவில்லை. வாசலிலேயே குழந்தை தயங்கியிருக்கிறாள். உள்ளே போனதும் அந்த அம்மாளிடம் "ஓலா" என்று சொல்லித் தன் பெயரையும் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் மகிழ்ச்சி மேலீட்டால் மடமடவென்று ஸ்பானிஷில் ஏதேதோ கேட்டிருக்கிறாள். குழந்தைக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. முகம் சிவந்து, கண்ணில் நீர் ததும்பிவிட்டதாம். பிறகு மிகவும் மெல்லிய குரலில், "நோ எந்தியேந்தோ. மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்" என்றாளாம்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் தரையில் மண்டியிட்டுக் குழந்தையின் உயரத்துக்கு வந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாளாம். பக்கத்தில் நின்ற ஒரு மெக்ஸிகோ தேசத்துப் பெண் குழந்தை இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதைப் புஸ்தகங்கள் இருந்த அலமாரியைக் காட்டிற்று. கதை ஆரம்பித்தது. "அபீயா ஊனா வேஸ்" என்று; அதாவது, நாம் "ஒரே ஒரு ஊரிலே" என்று ஆரம்பிப்பது போல. கதை பாதிதான் புரிந்ததாம். ஆனால் இந்தத் தடவை தாயின் மறைவில் உட்காரவில்லை.

மறு நாள் காலையில் பேத்தியே கூப்பிட்டாள். "தாத்தா, கத்தமரான் நம்ம ஊர் வார்த்தை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை கட்டுமரம் படம் எடுத்துக்கொண்டு போகவேண்டும். நீங்கள் கடற்கரைக்குப் போய் ஒரு படம் பிடித்து அனுப்புங்கள்."

அன்று மாலையே போய்ப் படம் பிடித்து அனுப்பினேன்.

நம் வாசகசாலையில்

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்கமாட்டேன். படம் பிடித்துவிட்டுத் திரும்பும் வழியில் எங்கள் பக்கத்து வாசகசாலைக்குள் நுழைந்தேன். வாசல் படியில் எட்டு வயதுப் பையன் ஒருவன் நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பதும் ஒதுங்குவதுமாக இருந்தான். இதற்கு முன்னாலும் அவனை அங்கே பார்த்திருக்கிறேன். தகப்பனார் ஒடிஸாவிலிருந்து வந்து ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்று பெட்டிக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையில் இன்று இப்படி எத்தனையோ குடும்பங்கள்! ஒடிஸா, பீஹார், வங்காளம், அஸ்ஸாம் என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்து, துறைமுகத்திலும் ஆலைகளிலும் கட்டட வேலையிலும் பாடுபடுகிறார்கள். தெலுங்கு பேசுகிறவர்களோ தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிறார்கள். டெக்ஸாஸில் என் பேத்திக்கு நேர்ந்தது இந்தப் பையனுக்கு எங்கள் தெருவிலேயே நேர்ந்துகொண்டிருக்கிறது. அவளுக்காக நாலு வாரம் தூங்காத நான், இவன் பக்கம் ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தேனா?

சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னை சர்வகலாசாலையின் முதல் நூலகரான ரங்கநாதன், 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். "ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புஸ்தகம்" என்பது அவற்றில் இரண்டாவது. சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், சென்னை ராஜதானி பொது நூலகச் சட்டத்தை இயற்றிற்று. சுதந்திர இந்தியாவில் அப்படிப்பட்ட முதல் சட்டம் அது. புஸ்தகம் எல்லாருக்கும் பொது என்று தேசத்துக்கே வழிகாட்டிய ஊர் நம்முடையது. சட்டம் கதவைத் திறந்து வைத்தது. படியில் நிற்கும் குழந்தையிடம் "வா" என்று சொல்லும் வேலையைச் சட்டம் செய்யுமா? அது பக்கத்தில் நிற்கும் பெரியவர்களுடைய வேலை. அவன் தமிழ் கற்கவேண்டியது அவசியந்தான். இந்த ஊரில் வளர்கிற குழந்தைக்குத் தமிழ் இல்லாவிட்டால் எப்படி? ஆனால் அதற்கு முதலில் அவன் உள்ளே வரவேண்டும்.

நேயர்களில் பலருக்கும் பேரன் பேத்திமார் தூர தேசங்களில் இருப்பார்கள். அங்கே யாரோ ஒருவர் அவர்களிடம் மெதுவாகப் பேசவேண்டும் என்று நாம் பிரார்த்திக்கிறோம். நம் தெருவில் உள்ள ஒரு குழந்தைக்காக, அதன் பாஷையில் பத்து வார்த்தை கற்றுக்கொள்ள எத்தனை நாள் பிடிக்கும்? எனக்கு ஒரு வாரம் பிடித்தது. தகப்பனாரிடமே கேட்டுக் காகிதத்தில் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டேன். ஒடியா பாஷையில் பெயருக்கு "நாம". நாமம் என்று நாம் சொல்வதுதான். இதிலும் பாதி வீட்டிலேயே இருந்தது!

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைப் படியில் அந்தப் பையனைப் பார்த்தேன். "தும நாம கண?" என்று கேட்டேன். அவன் திகைத்துப் போனான். பிறகு தன் பெயரைச் சொன்னான். அதோடு நிற்காமல், அணை உடைந்த வெள்ளம்போல் என்னென்னவோ சொல்லத் தொடங்கிவிட்டான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "தீரே, தீரே" என்றேன். மெதுவாக, மெதுவாக.

பையன் சிரித்துவிட்டு, முதலிலிருந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான்.